வித்திலை மஞ்சளாகும் வரை

மார்ச் 8, ஞாயிறு

தயாவின் விமானம் இப்போது கடலுக்கு மேலே எங்கேயோ பறந்துகொண்டிருக்கும். ஏற்றிவிட நான் போகவில்லை. இயலினிக்கு இன்றோடு நான்கு மாதம், வெளியே பனி கொட்டிக் கிடக்கிறது. வாடகைக் கார் வந்ததும் ஒரு கையில் பையையும் மறு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு அவரே படியிறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஊரிலிருந்து, ஏழாலையிலிருந்து, செய்தி வந்தது. மாமா, தயாவின் அப்பா, கதிரையில் இருந்தவர் இருந்தபடியே போய்விட்டார். தயா மூத்தவர், கொள்ளி வைக்க அவர்தான் வேண்டும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. அது ஏப்ரல் ஐந்தில் வருகிறது. அதை முடித்துவிட்டு எட்டாம் திகதி திரும்புவார்.

போகும்போது, "நீர் ஒண்டுக்கும் யோசியாதேயும்" என்றார். பிறகு உள்ளே விளக்கு மாட்டிய உடுப்பு அலுமாரியைத் திறந்து, "இதுகளையும் ஒருக்காப் பாத்துக்கொள்ளும்" என்றார்.

இதுகள் என்பது நான்கு கண்டுகள். கஞ்சாச் செடிக் கண்டுகள். எழுதும்போதே கை கூசுகிறது. இந்த நாட்டில் ஒரு வீட்டில் நான்கு வளர்க்கச் சட்டம் விடுகிறது, ஸ்காபரோவில் எங்கள் சனம் விடாது. வேலை செய்த களஞ்சியசாலையில் விழுந்த நாளிலிருந்து அவருக்கு முதுகு சரியில்லை. எட்டு மாதமாக வீட்டில்தான். கஞ்சாவில் எடுக்கிற எண்ணெயில் ஐந்து துளி விட்டால்தான் நித்திரை வருகிறது. நாங்களே வளர்ப்போம் என்று விதை வாங்கி, ஈரத் துணியில் சுற்றி, முளை வந்ததும் ஒவ்வொன்றாகக் கடதாசிக் கோப்பையில் வைத்தார். விழுந்ததற்குப் பிறகு அவர் ஆசையாகச் செய்த ஒரே வேலை அதுதான். மண்ணைக் கிளப்பிக்கொண்டு நாலாவது தலை வந்த அன்றுதான் ஊரிலிருந்து அந்த அழைப்பும் வந்தது.

அலுமாரிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்: "தண்ணி மட்டும். உரம் இப்ப வேண்டாம். முதல் வாற வட்ட இலை ரெண்டும் வித்திலை. அதுக்குள்ள சாப்பாடு இருக்கு. வித்திலை மஞ்சளாகும் வரை ஒண்டும் போடாதேயும்."

முப்பத்தொரு நாளும் துடக்கு, செத்தவீட்டுத் தீட்டு. சாமித்தட்டுக்குத் திரை போட்டேன். மீன் முட்டை என்று மச்சம் எதுவும் கூடாது என்பதால் ஃபிரிட்ஜைத் துப்புரவாக்கினேன். முட்டை போனது. பால் ஊறும் என்று இதே கட்டடத்தில் இருக்கிற வதனி அக்கா வாங்கித் தந்த பால்சுறாவும் போனது.

மார்ச் 10, செவ்வாய்

குழந்தையை வைத்தியரிடம் கொண்டுபோனேன். ஐந்து கிலோ நானூறு. இரண்டாம் மாதத்தில் சரியாக ஐந்து கிலோ இருந்தாள். கணினியில் ஒரு வளைகோட்டைக் காட்டினார். எல்லாக் குழந்தைகளும் மேலே போகிறார்கள், என்னுடையவளின் புள்ளி மட்டும் கோட்டை விட்டுக் கீழே இறங்கி நின்றது. தாய்ப்பாலோடு கொஞ்சம் பால்மாவும் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம், எனக்குப் பால் காணும், போதிய அளவு இருக்கிறது என்றேன். கொஞ்சம் பலமாகவே சொல்லிவிட்டேன் போல, அவர் கணினியிலிருந்து தலையை எடுத்து என்னைப் பார்த்தார்.

இருபத்துநான்காம் திகதி நேர்ஸிடம் மறுபடி நிறுக்க வேண்டும். வர முடியாவிட்டால் நேர்ஸ் வீட்டுக்கே வருவாராம்.

வீட்டுக்கு. அலுமாரி இருக்கிற வீட்டுக்கு.

தாய்மார் குழு ஒன்றில் முன்பு யாரோ எழுதியிருந்தார்கள்: பிள்ளையின் நிறை குறைவாக இருந்து, வீட்டில் இப்படி ஏதாவது கண்டால், சிறுவர் பாதுகாப்புக்கு அறிவிப்பார்களாம், அவர்கள் வந்து பிள்ளையைத் தூக்குவார்களாம். உண்மையோ பொய்யோ தெரியாது. வாசித்ததை வாசிக்காத மாதிரி ஆக்க முடியவில்லை.

வந்து ஒரு தேத்தண்ணியும் இரண்டு ரஸ்க்கும். அரிசி போட்டேன், அவள் எழும்பிவிட்டாள். சோறு அடிப்பிடித்தது.

மார்ச் 12, வியாழன்

ஒன்பது தரம் பால் கொடுத்தேன். எண்ணினேன்.

மார்ச் 15, ஞாயிறு

கண்டுகளுக்குப் பத்து நாள். வட்டமாக இரண்டு வித்திலை, அதற்கு மேலே வாள்பல் மாதிரி விளிம்போடு சின்னதாக ஒரு சோடி இலை. அவ்வளவுதான். இணையத்தில் பத்து நாள் கண்டு என்று போட்டிருக்கும் படங்களில் எல்லாம் கொழுத்து நிற்கின்றன. என்னுடையவை நூல் மாதிரி. தினமும் அலுமாரியைத் திறந்து பார்க்கிறேன். திறக்கும்போதெல்லாம், "நாங்கள் இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை" என்று நான்கும் நிற்பது போலிருக்கிறது.

பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்த எனக்குச் செடி பற்றித் தெரிந்தது ஹோலில் நிற்கிற கறிவேப்பிலை மட்டும்தான். வெயில் இல்லாத நாட்டில் அதை நாலு பனிக்காலம் காப்பாற்றியிருக்கிறேன். புளித்த மோரும் கடையில் வாங்குகிற நீல உரமும்தான் அதன் ரகசியம். ஆகவே இரண்டு கோப்பைக்கு மட்டும் ஒரு மேசைக்கரண்டி மோரைத் தண்ணீரில் கலந்து, கறிவேப்பிலைக்குப் போடுகிற அளவிலேயே உரமும் கரைத்து ஊற்றினேன். மற்ற இரண்டையும் தாளில் சொன்னபடி விட்டேன். பழுதானாலும் பாதிதான் பழுதாகும்.

ஊற்றி முடிந்ததும் மனம் கொஞ்சம் ஆறியது. யாருக்காவது வயிறு நிறையக் கொடுத்த மாதிரி.

மார்ச் 18, புதன்

இலை நுனி கருகியிருக்கிறது. பேப்பரில் நெருப்பு வைத்தால் ஓரம் சுருளுமே, அப்படி. ஒரு கோப்பையில் மோரின் புளிச்ச மணம், மண்ணுக்கு மேலே வெள்ளைப் பூஞ்சணம். தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். கழுவக் கழுவத் தண்டு சாய்ந்தது.

தயா தொலைபேசியில் கேட்டார், "கண்டுகள் எப்பிடி?"

"நல்லா நிக்குது."

"பிள்ளை?"

"அவளும்."

மார்ச் 19, வியாழன்

ஒன்று செத்துவிட்டது. அதோடு சேர்த்து ஊற்றியது முடங்கிப்போய் நிற்கிறது, எழும்பாது. ஒன்றும் கொடுக்காமல் விட்ட இரண்டும் இரண்டாம் சோடி இலை விட்டு நிமிர்ந்து நிற்கின்றன.

குழந்தைக்குப் பால் கொடுத்தபடி இணையத்தில் தேடித் தேடி வாசித்தேன். முதல் இரண்டு மூன்று கிழமைக்கு விதைக்குள் இருக்கிற சாப்பாடே காணுமாம். அதற்குள் உரம் போட்டால் இளம் வேர் வெந்துவிடுமாம். பசியால் சாகிற கண்டுகளைவிட, பசிக்கும் என்று நினைத்துக் கொடுத்துச் சாகடிக்கிற கண்டுகள்தான் அதிகமாம்.

இதை வாசித்ததும் பெரிய ஆறுதல் வந்தது. பார்த்தாயா, வைத்தியரும் இப்படித்தான் அவசரப்படுகிறார். அவளுக்குத் தேவையானது என்னிடம் இருக்கிறது. பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். செத்த கண்டைக் குப்பையில் போட மனம் வரவில்லை, கறிவேப்பிலைச் சாடிக்குள் புதைத்தேன்.

மார்ச் 21, சனி

வதனி அக்கா வந்தா. இரண்டு மாடி கீழே இருக்கிறா. மளிகைக்கடையில் வேலை முடிந்து வருகிற வழி, சப்பாத்தோடு வாசலிலேயே நின்றா. துடக்கு வீட்டில் தண்ணியும் குடிக்க மாட்டா.

"என்னடி பிள்ளை, இப்பிடிக் காஞ்சுபோய் நிக்கிறாய்? அவர் வரேக்க ஆளை அடையாளம் தெரியாமப் போகப்போகுது."

"நித்திரை இல்லை அக்கா."

"நித்திரை இல்லாட்டி கண்தான் உள்ள போகும். உனக்கு ஆளே உள்ள போட்டுது."

வெயில் அடித்ததால் கண்டுகளைக் காலையில் ஹோல் ஜன்னலடியில் வைத்திருந்தேன், எடுக்க மறந்துபோனேன். வதனி அக்காவின் கண் நேரே அங்கே போனது.

"அட, செவ்வந்தியே? எங்கட வீட்டு முத்தத்தில இதுதான் வேலி மாதிரி நிண்டது. மூண்டு வைச்சிருக்கிறாய், எனக்கொண்டு தாவன், பல்கனியில வைக்க."

"ஐயோ, அது… துடக்கு வீட்டுக் கண்டு அக்கா."

"ஓம் என்ன, அதுவும் சரிதான். முப்பத்தொண்டு முடியட்டும், வந்து எடுக்கிறன்."

அவ போன பிறகு கதவில் சாய்ந்து சிரித்தேன். சிரிப்பு எங்கே முடிந்தது என்று தெரியவில்லை. பார்த்தால் தரையில் இருந்து அழுதுகொண்டிருக்கிறேன். தரை குளிர்மையாக, நன்றாக இருந்தது.

வதனி அக்கா வாசலில் வைத்துவிட்டுப் போன இடியப்பத்தைப் பிறகு சாப்பிடலாம் என்று மூடி வைத்தேன்.

மார்ச் 23, திங்கள்

நாளைய நேர்ஸ் சந்திப்பை ரத்துச் செய்துவிட்டேன். எனக்குத் தடிமன் காய்ச்சல் என்று சொன்னேன். வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், அடுத்த கிழமை நானே தொலைபேசி எடுக்கிறேன் என்றேன். குரல் நடுங்காமல் சொன்னேன்.

இடியப்பம் புளித்துவிட்டது. எறிந்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

மாமியோடு வீடியோவில் கதைத்தேன். வெள்ளைச் சேலையில், நெற்றி வெறுமையாக. பார்க்கவே முடியவில்லை. மாமா போன பதினெட்டு நாளில் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எங்க என்ர குஞ்சு? காட்டு பார்ப்பம். கொழுகொழுவெண்டு இருக்கிறாளோ?"

இயலினியைத் தடித்த போர்வையால் சுற்றி, தொப்பியும் போட்டு, முகத்தை மட்டும் காட்டினேன்.

"நித்திரையே இந்த நேரத்தில? குழப்படி இல்லையோ?"

"இல்லை மாமி. நல்ல பிள்ளை. அழுறதே இல்லை."

"நீ சாப்பிட்டனியோ?"

"ஓம் மாமி."

இதைவிட வேறு என்ன சொல்ல? புருஷனைப் பறிகொடுத்து இருக்கிறவவிடம் போய் எனக்குச் சமைக்க நேரமில்லை என்றா?

மார்ச் 27, வெள்ளி

நல்ல பிள்ளைதான். முந்தி வீறிட்டு அழுவாள், இப்போது சிணுங்கிவிட்டுப் படுத்துவிடுகிறாள். பால் குடிக்கத் தொடங்கி இரண்டு நிமிடத்தில் நித்திரை. நேற்றும் இன்றும் நான்கு பம்பர்ஸ்தான் மாற்றினேன். வேலை குறைவு.

குளித்துவிட்டுத் தலை வாரினால் கைநிறைய மயிர். முழுகும்போது கொட்டுவது எல்லாருக்கும்தானாம்.

இன்று சாப்பாடு பாண் இரண்டு துண்டு. பிளேன்ரீ எத்தனை என்று எண்ணவில்லை.

மார்ச் 30, திங்கள்

காலையில் அலுமாரியைத் திறந்தேன். இரண்டு நல்ல கண்டுகளிலும் கீழே இருந்த வித்திலைகள் மஞ்சளாகியிருந்தன. ஒன்றில் வெளிறிய மஞ்சள், மற்றதில் பழுத்த மஞ்சள். விரல் பட்டதும் ஒன்று கழன்று கையில் வந்தது. கடதாசி மாதிரி இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

பயந்துபோய் மறுபடி வாசித்தேன். நோய் இல்லையாம், நான் ஒன்றும் பிழை விடவில்லையாம். நான்கு சோடி இலைக்கும் தன்னிடம் இருந்ததைக் கொடுத்து வித்திலை வெறுமையாகிவிட்டது. இனி அதனால் கொடுக்க முடியாது. இதுதான் உரம் தொடங்குகிற நாள். இதற்கு முன்பு கொடுத்தால் கருகும், இதற்குப் பிறகும் கொடுக்காமல் விட்டால் கண்டு தன் மற்ற இலைகளைத் தானே தின்னத் தொடங்கும். முழு அளவில் கால்வாசி போதும்.

கால்வாசி அளந்து, இரண்டு லீற்றர் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். ஐந்து நிமிட வேலை. யோசிக்கவே இல்லை. இவ்வளவு நாளும் ஏன் தரவில்லை என்று கண்டும் கேட்கவில்லை, எனக்கும் வெட்கமாக இருக்கவில்லை. தேவை வந்தது, கொடுத்தேன்.

பிறகு திரும்பிப் பார்த்தேன். இயலினி கட்டிலில் முழித்தபடி கிடந்தாள். அழவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு கிடந்தாள். நான் உரக்கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

இதற்கு மேல் இன்று எழுத முடியாது.

மார்ச் 31, செவ்வாய்

நேர்ஸுக்குத் தொலைபேசி எடுத்தேன். வியாழன் பத்து மணிக்கு வருகிறார்கள். வீட்டுக்கு.

ஏப்ரல் 2, வியாழன்

காலை எட்டு மணிக்கே கண்டுகள் மூன்றையும் குளியலறைத் தொட்டிக்குள் இறக்கித் திரையை இழுத்து மூடினேன். ஊதுபத்தி கொளுத்தலாம் என்றால் துடக்கு. ஜன்னலைத் திறந்து வைத்தேன், வீடு ஐஸ் ஆனது.

கதவைத் திறந்தால் தமிழ்ப் பிள்ளை ஒன்று நிற்கிறது. என் வயதுதான் இருக்கும். "வணக்கம், நான் லக்சிகா" என்றா. ஐந்து வயதில் இங்கே வந்தவவாம், தமிழ் கொஞ்சம் வழுக்கித்தான் வந்தது. எனக்கு இன்னும் பயம் கூடியது. வெள்ளைக்காரி என்றால் அலுவலகத்துக்கு மட்டும்தான் சொல்லுவாள்.

"முதல்ல நான் கை கழுவோணும். பாத்ரூம் எங்க?"

குசினியில் கழுவுங்கள் என்று சொல்ல வாயைத் திறக்க முன்பே அவ உள்ளே போய்விட்டா. தண்ணீர்ச் சத்தம். பிறகு திரை விலகுகிற சத்தம். துவாய் தேடியிருக்கிறா.

நான் இயலினியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடு ஹோலில் நின்றேன். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நான் நினைத்ததை எல்லாம் எழுதப்போவதில்லை.

லக்சிகா கையைத் துடைத்தபடி வந்தா. "இது ஆற்ற, உங்கடயா?"

"என்ர மனுசன்ர. முதுகு வருத்தம். நான் தொடுறேல்லை. சத்தியமா. தண்ணி மட்டும்தான் ஊத்தினனான். ரெண்டுக்கு உரமும் போட்டனான், அது பிழைச்சுப்போச்சு. பிள்ளையைக் கொண்டுபோவீங்களோ?"

"எங்க கொண்டுபோறது?"

அவவுக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. விளங்கியதும் சப்பென்று சோபாவில் இருந்துவிட்டா.

"அக்கா, நாலு கண்டு வைக்கலாம். பிள்ளை தவழத் தொடங்கினால் எட்டாத இடத்தில, பூட்டி வையுங்கோ. பால் குடுக்கிறபடியால் நீங்கள் அதைப் பாவிக்கக் கூடாது, பிள்ளைக்குப் பக்கத்தில புகைக்கவும் கூடாது. அவ்வளவும்தான். இதுக்காகவே போன கிழமை வரவேண்டாம் எண்டனீங்கள்?"

தலையை ஆட்டினேன்.

இயலினியை நிறுத்தா. ஐந்து கிலோ நானூற்று இருபது. இருபத்துமூன்று நாளில் இருபது கிராம். லக்சிகா இரண்டாம் தரமும் நிறுத்தா. காலைத் தூக்கித் தோலைக் கிள்ளிப் பார்த்தா, வாய்க்குள் பார்த்தா, எத்தனை பம்பர்ஸ் என்று கேட்டா. நான் சொல்லச் சொல்ல எழுதினா. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பிறகு பேனாவை மூடினா.

"இண்டைக்கு நீங்கள் என்ன சாப்பிட்டனீங்கள்?"

"தேத்தண்ணி."

"நேற்று?"

யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன்.

"இறைச்சி, மீன், முட்டை?"

"துடக்கு."

"அப்பிடியெண்டால்?"

அதை அவவுக்கு விளக்க வேண்டி வந்தது. செத்த வீடு, முப்பத்தொரு நாள், மச்சம் இல்லை, கோயில் இல்லை. சரி, அப்போ பருப்பு, கடலை, சோறு எல்லாம் சாப்பிடலாம்தானே என்று கேட்டா. சாப்பிடலாம் என்றேன். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டா. துடக்கு என்று சொல்லிச் சொல்லியே இருந்துவிட்டேன். அது மீனைத்தான் வேண்டாம் என்றது, சோற்றை இல்லை. சோற்றை நிறுத்தியது நான். எனக்கென்று ஒரு உலை வைக்க என்னால் எழும்ப முடியவில்லை, அவ்வளவுதான். இதை முதன்முதலாக இங்கே எழுதுகிறேன்.

லக்சிகா என் முன்னாலேயே வைத்தியருக்கு எடுத்துக் கதைத்தா. பின்னேரமே போனோம், அவவே தன் காரில் கூட்டிப்போனா. இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார்கள். வேறு நோய் ஒன்றும் இல்லை. பசி.

வைத்தியர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அங்கேயே ஒரு போத்தலில் பால்மா கரைத்துத் தந்தார்கள். என் கையால்தான் கொடுத்தேன். போத்தலை வாயில் வைத்ததும் ஒரு கணம் முகத்தைச் சுளித்தாள். பிறகு குடித்தாள். கண்ணை மூடாமல், இரண்டு கையாலும் என் விரலைப் பிடித்துக்கொண்டு, மூச்சுவிடவும் நேரமில்லாமல் குடித்தாள். அந்தச் சத்தத்தை என்னால் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. இருந்தேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

விடிய ஐந்து மணிக்கு வீறிட்டு அழுதாள். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார். தட்டட்டும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

இன்று அந்தியேட்டி. கீரிமலைத் தீர்த்தக்கரையில் எல்லாம் நல்லபடி முடிந்ததாம். தயா மொட்டைத் தலையோடு திரையில் வந்தார். அவரிடம் சொல்லிவிட்டேன். மூன்று நாளாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்த வரிசையில் இல்லை, தலைகீழாக. முதலில் பால்மா, பிறகு நிறை, பிறகு நேர்ஸை வரவேண்டாம் என்றது, கடைசியில் கண்டுகள்.

தயாவின் பின்னாலிருந்து மாமி தொலைபேசியைப் பறித்தா.

"ஆரடி உனக்குச் சொன்னது பால் குடுக்கிறவள் பட்டினி கிடக்கோணும் எண்டு?"

"ஒருத்தரும் சொல்லேல்லை மாமி. துடக்கெண்டு…"

"துடக்காம் துடக்கு. செத்தது என்ர மனுசன். நான் ரெண்டு நேரம் சோறு திண்டனான், தெரியுமோ? கண்ணீரோட திண்டனான், ஆனால் திண்டனான். இவன் தயா பிறந்து நாப்பதாம் நாள் என்ர மாமனார் செத்தவர். என்ர மாமி, ஆசாரம் எண்டால் கத்தி மாதிரி, அவ வீட்டுக்குப் பின்னால கோடியில தனிச் சட்டி வைச்சு எனக்குச் சுறாப் புட்டு அவிச்சுத் தந்தவ. 'செத்தவனுக்கு விரதம் பிடிக்க ஊர் இருக்கு, பிறந்ததுக்குப் பால் குடுக்க நீ ஒருத்திதான்' எண்டவ. நீ ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே பிள்ளை!"

"உங்களுக்கே இவ்வளவு கவலை இருக்கேக்க…"

"அதுதான் கேட்டிருக்கோணும். வேற ஒரு கவலை தந்திருப்பாய் எனக்கு. முப்பது நாளா ஒரே கவலையைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

அதற்குப் பிறகு மாமி அழுதா. மாமா போனதிலிருந்து மாமி அழுது நான் பார்த்தது இன்றுதான். நானும் அழுதேன். தயா பின்னால் நின்று மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் வதனி அக்காவின் கதவைத் தட்டினேன். "அக்கா, எனக்குச் சமைக்க ஏலாமல் கிடக்கு" என்றேன். இவ்வளவுதான் சொன்னேன். இதைச் சொல்ல ஒரு மாதம் எடுத்தது. அவ என்னையும் பிள்ளையையும் உள்ளே இழுத்துவிட்டு, "துடக்கு முடிஞ்சுதோ?" என்று கேட்டா. "இண்டையோட முடிஞ்சுது" என்றேன். "முடியாட்டிலும் வா" என்றா.

ஏப்ரல் 7, செவ்வாய்

ஐந்து கிலோ அறுநூற்று அறுபது. லக்சிகா எண்ணைச் சொல்லவில்லை, தராசை என் பக்கம் திருப்பினா. முலைப்பாலும் கொடுக்கிறேன், போத்தலும் கொடுக்கிறேன். நான் சாப்பிடச் சாப்பிடப் பால் கூடலாம், கூடாமலும் விடலாம், இரண்டும் சரிதானாம். எனக்கு இன்னும் முழுதாகச் சரியாகப் படவில்லை. போத்தலைக் கழுவும்போதெல்லாம் ஒரு சின்ன முள். லக்சிகா என்னிடம் பத்துக் கேள்வி எழுதிய தாள் ஒன்றையும் தந்தா: எத்தனை தரம் அழுகிறீர்கள், எத்தனை தரம் உங்களையே குற்றம் சொல்கிறீர்கள். நிரப்பினேன். கூட்டிப் பார்த்துவிட்டு வைத்தியரோடு எனக்கும் ஒரு நேரம் எடுத்துத் தந்தா. பிள்ளைக்கு இல்லை, எனக்கு.

ஏப்ரல் 8, புதன்

தயா வந்துவிட்டார். பின்னேரம் நான்கு மணி. பையை வாசலில் வைத்துவிட்டு முதலில் என்னைத்தான் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். என் கையைப் பிடித்து மணிக்கட்டைத் தன் இரண்டு விரலால் சுற்றி அளந்தார். விரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின.

இயலினி மொட்டைத் தலையைக் கண்டு உதட்டைப் பிதுக்கினாள். பிறகு கத்தினாள். வீடே அதிரக் கத்தினாள். "அப்பாடி, என்ன தொண்டை" என்று அவர் சந்தோஷப்பட்டார்.

அலுமாரியைத் திறந்தார். முழங்கை உயரத்தில் இரண்டு, விரல் உயரத்தில் ஒன்று.

"நாலாவதை ஆர் சாகடிச்சது?"

"நான்தான்."

"என்னத்தால?"

"மோரால."

முதுகு நோவோடு குனிந்து சிரித்தார். அப்பா செத்தபின் அவர் சிரிப்பது இதுதான் முதல் தரமாம், பிறகு சொன்னார். "கஞ்சாவுக்கு மோர் விட்ட ஒரே ஆள் நீர்தான். ஏழாலையில சொன்னால் சிலை வைப்பினம்."

ஆறு மணிக்கு அவள் மறுபடி சிணுங்கத் தொடங்கினாள். வழக்கம்போல எழும்பினேன். பிறகு நின்றேன். போத்தலில் நூற்று இருபது மில்லி கரைத்து, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுச் சூடு பார்த்து, அவர் கையில் கொடுத்தேன்.

"எனக்கு இது தெரியாது நிரோ. அவள் என்னைக் கண்டாலே கத்துறாள்."

"கத்துவாள். தலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கோ. போத்தலைச் சரிச்சு. இடையில தோளில போட்டு ஏவறை எடுக்கோணும்."

"நீர் எங்க போறீர்?"

"படுக்க."

அறைக் கதவைச் சாத்திவிட்டுப் படுத்தேன். ஹோலில் அவள் கத்துகிறாள். அவர் ஏதோ பிதற்றுகிறார், கெஞ்சுகிறார், மாமாவின் குரலில் ஒரு பாட்டுக்கூட எடுத்துப் பார்க்கிறார். நெஞ்சு கதவுக்கு வெளியே ஓடுகிறது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கத்தல் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று எனக்குத் தெரியாது. நான் எழும்பிப் போய்ப் பார்க்கவில்லை.